திறக்காத நீல டப்பா

சிவப்பு பெயின்ட் தீர்ந்துபோனதற்கு நான்தான் காரணம். ஓவிய ஆசிரியராகச் சேர்ந்து ஆறே மாதம், ஆர்வக்கோளாறு வேறு. ஆய்வகப் பீரோவைக் குடைந்தபோது முப்பது வருடப் பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. எங்கள் வராந்தாவில் தினமும் பன்னிரண்டு மணிக்கு எடுத்த வெப்பநிலை. வராந்தாச் சுவரில் மேல் வரிசை அந்த நோட்டு, கீழ் வரிசை அதே மாதங்களின் இந்த வருட நாட்கள், நாளுக்கு ஒரு விரல் அகலக் கோடு என்று ஏழாம் வகுப்பை இறக்கிவிட்டேன். குளிர்ச்சிக்கு நீலம், அடுத்து பச்சை, மஞ்சள், முப்பத்தெட்டைத் தாண்டினால் சிவப்பு. பெயின்டை மட்டும் பழைய நோட்டில் எந்த நிறத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணி, அதைப் போல் இரண்டு மடங்கு வாங்கித் தொலைத்தேன். நீலம் இரண்டு பெரிய டப்பா. சிவப்பு உள்ளங்கையில் அடங்கும்.

இத்தனை சிவப்பு நாட்களைத் தலைமையாசிரியை நம்பவில்லை. “சிவப்பு பளிச்சுனு இருக்குன்னு புள்ளைங்க அள்ளிப் பூசுதுங்க, நீங்களும் வேடிக்கை பாக்குறீங்க. திங்கக்கிழமை வெள்ளையடிச்சிடுவோம்” என்றவர், பன்னிரண்டு மணிக்கு அவரே சோதிக்க வந்தார்.

வெப்பமானிக்குக் காவல் நிற்பவளுக்கு வகுப்பில் குட்டி போலீஸ் என்று பெயர். அவள் யாருக்கும் சலுகை தருவதில்லை.

“மூச்ச அடக்கிட்டுப் பாருங்க மேடம். மூச்சு பட்டா ஏறிடும்.”

தலைமையாசிரியை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். முப்பத்தொன்பது.

பிறகு சுவரோரமாக நடந்தார். ஒவ்வொரு கோட்டின் கீழும் பிள்ளைகள் பென்சிலால் அன்றைய சேதியை எழுதியிருந்தார்கள். நான் சொல்லித் தந்ததல்ல. ‘வாங்கின பால் பத்து மணிக்கே திரிஞ்சுபோச்சு.’ ‘அப்பா ஹெல்மெட்டைக் கழட்டினதும் மூஞ்சி செவந்து வேற யாரோ மாதிரி இருந்தார்.’ ‘பாப்பா தரையில தவழ மாட்டேங்குறா.’

அவர் மறுகோடி வரை போய்த் திரும்பிப் பார்த்தார். நானும் அங்கே போய் நின்றேன். இத்தனை நாள் கோடு கோடாகத்தான் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் கோடே இல்லை. மேலே ஒரு குளம் கிடந்தது. அதன் அடியில், சுவரின் நீளம் முழுக்க, அடுப்பு எரிந்தது. தலைமையாசிரியை பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

“இன்னிக்கு என்ன அடிக்கப் போறீங்க?”

“சிவப்பு தீந்துபோச்சு மேடம். மஞ்சள் அடிச்சா பொய்யாயிடும்” என்றாள் குட்டி போலீஸ். “காலியா விட்டுடலாம்னு இருக்கோம்.”

தலைமையாசிரியை கைப்பையைத் துழாவினார். மார்க் போடும் சிவப்புப் பேனா. குனிந்தார், முட்டி மடக்கென்றது. குட்டி போலீஸ் இன்னும் மூடி திறக்காத நீல டப்பாவை அவர் பக்கம் உருட்டிவிட்டாள். அதன்மேல் உட்கார்ந்து, அன்றைய கோட்டுக்கு வெளியே போகாமல், நுனியிலிருந்து நிரப்பத் தொடங்கினார். பாதியில் மை வராமல் பேனா கீறியது. உதறிவிட்டு மறுபடி நிரப்பினார்.