ஒரு பவர் சப்ளைக்கு இரண்டு போட்டிக்காரர்கள்

அட்டைப் பெட்டி செய்யும் அந்தப் பட்டறையில், அக்காவிடம் ஒரு பில் பாஸ் ஆவது லேசுப்பட்ட காரியமில்லை. கணக்கு அவள் கையில், மெஷின்கள் தம்பி பொறுப்பில். கூடப் பிறந்தவன் என்று ஒரு ஸ்க்ரூவைக்கூடச் சும்மா விட மாட்டாள், மகராசி.

தம்பி கேட்டது ஒரு பவர் சப்ளை. கம்ப்யூட்டரில் போடும் டிசைனை, வெட்டும் மெஷின்களுக்குக் கொண்டுபோகிற நெட்வொர்க் ஸ்விட்ச் அரதப் பழசு. அதற்குக் கரண்ட் கொடுக்கும் அந்தப் பாகம் இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டிருந்தது. புது ஸ்விட்ச் மாட்டலாமென்றால் இந்தக் கிழட்டு மெஷின்கள் அதோடு ஒத்துப்போகாது. பழைய சாமான்களை ஏலம் விடும் இணையதளத்தில் அந்தப் பாகம் ஒன்றே ஒன்று இருந்தது. ஆரம்ப விலையே ஒரு புது ஸ்விட்சின் விலை.

"ஓட்டை உடைசலுக்கா இந்த விலை? போடா, போய் வேலையைப் பாரு!" என்று எல்லோர் முன்னாலும் அக்கா கத்திவிட்டாள். தம்பியின் முகம் சுண்டிப்போனது.

அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்விட்ச் செத்தால் பட்டறையே படுத்துவிடும், பழி மொத்தமும் அவன் தலையில் விழும். சரி, சொந்தக் காசிலாவது வாங்கி அவன் கையில் கொடுத்துவிடுவோம் என்று, சாப்பாட்டு நேரத்தில் மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு ஏலத்தில் இறங்கினாள்.

எவனோ ஒருத்தன் விடாமல் விலையை ஏற்றினான். பிடிவாதத்தில் இவள் மட்டும் சளைத்தவளா என்ன? விலை மூன்று மடங்கானது.

எதிர் மூலையில் தம்பி தன் போனைப் பார்த்துப் பல்லைக் கடித்தான். "எவன்டா அவன், கட்டையில போறவன்! வண்டி வாங்க வெச்சிருந்த காசு பூரா போகுதே!"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சந்தேகம் தீர இன்னொரு தடவை ஏற்றிப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு அவனும் ஏற்றினான். அட கடவுளே! ஊர் உலகத்தில் அந்தக் கண்றாவிக்கு ஆசைப்பட்ட ரெண்டே பேர், அவர்களும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்!

போனைக் கவிழ்த்து வைத்தாள். ஏலம் முடிந்தது. தம்பி ஜெயித்துவிட்டான், ஆனால் ஜெயித்தவன் முகமாகவே அது இல்லை.

"பில்லைக் கொண்டா."

"எந்த பில்லு? அது என் காசுதான்க்கா. பார்த்தா திட்டுவே."

"கொண்டாடான்னா!"

அவன் போனில் காட்டினான். அக்கா பெருமூச்சு விட்டாள். "ஆரம்ப விலையைப் பட்டறைக் கணக்குல எழுதிக்கறேன். மேல ஏறினது பூரா என் சொந்தக் கணக்கு."

"உனக்கென்ன தலையெழுத்தா? நீ ஏன் கொடுக்கணும்?"

"ஏத்தினவ நான்தானே."

தம்பி வாயைப் பிளந்தான். கோபம்தான் வந்திருக்க வேண்டும், வந்ததென்னவோ சிரிப்பு. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஏன்க்கா, நான்னு தெரியலேன்னா எது வரைக்கும் ஏத்தியிருப்பே?"

"உனக்கு வாங்கற வரைக்கும்டா."