வினிகர் சேராத பலாப்பிஞ்சு

காலையில் கொல்லைப்புறத்தில் சத்தமே இல்லை. கோழிகள் செத்துவிட்டன என்று நினைத்தேன். சாகவில்லை. மூன்றும் கழுத்தைத் தரையில் கிடத்தி, கண்ணைத் திறந்தபடி என்னையே பார்த்தன. ஒன்றைத் தூக்கினேன். கழுத்து ஈரத்துணியாகத் தொங்கியது. கண் மட்டும் என்னைவிட்டு நகரவில்லை.

இந்தத் தீவில், புரோத்ராபூரில் எங்கள் மரங்களில் காய்க்கும் பலாப்பிஞ்சை ருக்கு அண்ணி பாட்டிலில் அடைத்து விற்கிறார். இந்த முறை மெட்ராஸ் கப்பல் வரவில்லை. கடைகளில் வினிகர் தீர்ந்துவிட்டது. வெறும் உப்புத் தண்ணீரில் போட்டு மெழுகால் மூடினார். லேபிளை மாற்றவில்லை. நேற்று மாலை ஒரு பாட்டிலைத் திறந்து ருசி பார்த்துவிட்டு, மிச்சத்தைக் கோழிகளுக்குப் போட்டார். மற்ற பாட்டில்கள் ஒரு பெட்டியில், இன்னொரு தீவிலுள்ள ரங்கத் கேன்டீனுக்காக ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போய்விட்டன.

சுகாதார மேற்பார்வையாளர் தேர்வுக்காக மாலை வகுப்புக்குப் போகிறேன். புளிப்பில்லாத காயைக் காற்றுப் புகாமல் அடைத்தால் உள்ளே விஷம் ஊறலாம், வாடையிலும் ருசியிலும் தெரியாது என்று அங்கே சொன்னார்கள். சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்கே சந்தேகம். காலிப் பாட்டிலை முகர்ந்தேன். நல்ல வாசனை.

“அண்ணி, பெட்டியைத் திருப்பி வாங்கணும்.”

“கோழிக்கு ஏதோ நோவு. அதுக்காகத் திருப்பி வாங்கினா கேன்டீன்காரன் இனி நம்மகிட்ட எடுப்பானா? ஜ்யாதா திமாக் ஓட்டாதே, ரொம்ப யோசிக்காதே.”

“லேபிள்ல வினிகர்னு இருக்கு, உள்ளே இல்ல. சாப்பிட்டவங்களுக்கு ஏதாவது ஆனா கேஸ் உங்க மேலதான். லைசென்ஸும் போயிடும்.”

“வந்தா பாத்துக்கலாம் தம்பி.” அடுப்பிலிருந்து நிமிர்ந்தார். இமைகள் பாதிக்கு மேல் எழவில்லை. “ஆமா, உன் பக்கத்துல யாரு? உன் சட்டையையே போட்டுக்கிட்டு?”

என் பக்கத்தில் யாரும் இல்லை.

நான் கூப்பிட்டதும் அடுத்த வீட்டு ஜன்னத் பீவி ஓடி வந்து, வழியில் போன ஜீப்பை நிறுத்தி அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நான் சைக்கிளில் ஜெட்டிக்குப் போனேன்.

சரக்கு குமாஸ்தா சொக்கலிங்கம் சிரித்தார். “கோழி படுத்துக்கிச்சுன்னு போட்டை நிறுத்தணுமா, தம்பி?”

“அதைத் தின்ன எங்க அண்ணிக்கு எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது” என்றேன்.

சிரிப்பு நின்றது. பெட்டியை இறக்கச் சொன்னார்.

திறந்து பார்த்தேன். ஒரு பாட்டிலும் கலங்கவில்லை. போட் கிளம்பிப் போனது. அப்போதும், நான் தப்பாக நினைத்துவிட்டேனோ என்றுதான் தோன்றியது.

ஆஸ்பத்திரி வாசலில் ஜன்னத் பீவி நின்றிருந்தார்.

“பேச்சு குழறுது தம்பி. ஒண்ணையேதான் கேட்டுட்டிருக்கா. ரெண்டு பேரும் பெட்டியை இறக்கிட்டாங்களான்னு.”