காகிதப் பைக்குள் மூச்சு

1

"இதுக்குள்ளயே விடும்மா. இழு... விடு... அவ்வளவுதான். இழு... விடு..."

மருந்துக்கடைக் காகிதப் பையால் மருமகளின் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிக்கொண்டிருந்தாள் மாமியார். ஒரு கையால்தான். இன்னொரு கை வரவில்லை. கைப்பையை அக்குளில் இடுக்கிப் பிடித்திருந்தது. லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றுபோயிருந்தது. விசிறி ஓடவில்லை. பை உப்பியது, சுருங்கியது. உப்பியது, சுருங்கியது.

தரையில் சரிந்து உட்கார்ந்திருந்த மருமகளுக்குச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாய் வேண்டும். வாயில் பை.

இங்கே நிறுத்துகிறேன். கதையைத்தான். அவள் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் வளவளக்காமல் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குப் பல்வலியால் வந்தது. பல் டாக்டரைப் பார்க்கப் போன கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "விரலெல்லாம் மரத்துப்போச்சு, நான் போகப்போறேன்" என்று ஒரே அழுகை. பக்கத்தில் நின்றவர் தன் காகிதப் பையிலிருந்த பன்னை வெளியே எடுத்துவிட்டு, அந்தப் பையை அந்த அம்மாவின் வாயில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. கதவு திறந்ததும், "ஏங்க, பன்னுல இருந்த சர்க்கரையெல்லாம் மூக்குல போயிடுச்சு" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்குப் பல்வலி பறந்தது. லிஃப்ட், மூச்சு, காகிதப் பை. தொடர்கதைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

2

முதல் பக்கத்தை எழுதித் தங்கைக்கு அனுப்பினேன். கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறாள். என் கதைகளில் விஷம் வரும்போதெல்லாம் அவளைத்தான் கேட்பேன். உடனே போன்.

"அண்ணா, இந்தப் பொண்ணைக் கொல்லப்போறியா?"

"காப்பாத்தப்போறேன்டி. பை வெச்சேன் பாரு."

"அதைத்தான் நானும் கேக்குறேன். எதுக்கு வெச்சே?"

"பல் டாக்டர் கட்டடத்துல வேலை செஞ்சுதே!"

"அந்த அம்மாவுக்குப் பயம். பயத்துல வேகவேகமா மூச்சு விட்டு, உடம்புல இருக்க வேண்டிய கரியமில வாயுவையும் வெளியே தள்ளிட்டாங்க. ரத்தம் காரப் பக்கமா சாஞ்சிடுச்சு. அதான் விரல் மரத்துப்போச்சு. விட்ட வாயுவையே பைக்குள்ளேருந்து திரும்ப இழுத்ததுல நேராச்சு. ஆனா இப்பல்லாம் அதுக்குக்கூட பை வைக்காதீங்கன்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. ஏன் தெரியுமா?"

"ஏன்?"

"அது வெறும் பயம்தான்னு உனக்கு யார் சொன்னா?"

எதிர்முனையில் அவள் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டது. எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. இருபது வருடமாக வாரந்தோறும் மற்றவர்களுக்கு நான் செய்யும் வேலை அது.

அப்போதுதான் மருமகளுக்கு ஒரு வியாதி கொடுத்தேன்.

3

(ரசாயனம் வருகிறது. பத்திரிகை ஆசிரியர், "சார், வாசகர் ஓடிருவாங்க" என்பார். ஓடாதீர்கள். இது தெரியாவிட்டால் அந்தப் பை உங்களுக்கு வெறும் பைதான்.)

பள்ளிக்கூடத்தில் லிட்மஸ் தாளை நனைத்திருப்பீர்கள். நீலம் சிவந்தால் அமிலம், சிவப்பு நீலமானால் காரம். அளவுகோலில் ஏழு நடுநிலை. கீழே இறங்கினால் அமிலம், மேலே ஏறினால் காரம். வயிற்றுக்குள் இரும்பாணியை அரிக்கிற அமிலத்தை வைத்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். ரத்தம் அப்படியல்ல. ஏழு புள்ளி நாலு. மயிரிழை காரம். அந்த மயிரிழையைவிட்டு நகர்ந்தால் மயக்கம் வரும். ஏழுக்குக் கீழே போனால் இதயம் தாளம் தப்பும்.

நகரவிடாமல் யார் பிடித்துக்கொள்கிறார்கள்? ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட். குடும்பத்தில் சண்டை வெடித்தால் நடுவில் புகுந்து, "சரி சரி, விடுங்கப்பா" என்று ஆளை வெளியே தள்ளிக்கொண்டு போகிற சித்தப்பா ஒருவர் இருப்பாரே, அவர் மாதிரி. அமிலம் வந்தால் கையைப் பிடிப்பார். அதைத் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் ஆக்கிவிடுவார். வாயுவை நுரையீரல் வாசல் வழியாக வெளியே அனுப்பிவிடுவார். அமிலம் அதிகமானால் வாசலில் கூட்டமும் அதிகம். அதனால் மூச்சும் வேகம், ஆழம். துருத்தி மாதிரி. அந்த மூச்சு நோயல்ல. நோயோடு உடம்பு நடத்தும் சண்டை.

சர்க்கரை வியாதிக்காரருக்கு இன்சுலின் அடியோடு நின்றால், ரத்தத்தில் சர்க்கரை ஆறாக ஓடினாலும் செல்களுக்குள் போகாது. செல்கள் பசியில் கொழுப்பை எரிக்கும். எரித்த அடுப்பில் மிஞ்சும் சாம்பல்தான் அமிலம். தாகம், வாந்தி, வயிற்றுவலி. மூச்சில் கனிந்து அழுகிய பழத்தின் வாசனை. பிறகு துருத்தி.

இப்போது அந்தத் துருத்தியின் வாயில் ஒரு பையைக் கட்டுங்கள். சித்தப்பா வெளியே தள்ளியதெல்லாம் வாசலிலிருந்து திரும்பி உள்ளே வரும்.

பாருங்கள், நான் உவமை தேடிய நேரமெல்லாம் அவள் முகத்தில் பை இருந்தது.

4

"அம்மா! மெக்கானிக் பக்கத்துத் தெருவுலதான் இருக்காராம்!" மேலேயிருந்து லாட்ஜ் வாட்ச்மேன் கத்தினார். "டீ குடிச்சிட்டிருக்காராம்! பயப்படாதீங்க!"

"குடிச்சது போதும்னு சொல்லுப்பா!" மாமியார் திருப்பிக் கத்தினாள். பிறகு குனிந்து, "கேட்டியாம்மா? நாம இங்க மூச்சு முட்டி நிக்கிறோம், அவருக்கு டீ" என்றாள்.

மருமகள் சிரிக்க முயன்றாள். பை ஒரு தரம் அதிகமாக உப்பியது.

மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை. அதற்காகத்தான் இந்த ஊர், இந்த லாட்ஜ். கறுப்புக் கண்ணாடியும் கையில் சொட்டு மருந்துப் பையுமாக மருத்துவமனையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். மகனுக்குக் கப்பலில் வேலை. கல்யாணமாகி ஐந்து மாதம். மருமகளுக்குப் பள்ளி வயதிலிருந்தே சர்க்கரை என்பது கணவனுக்குத் தெரியும். "அம்மாவுக்கு மட்டும் இப்ப வேண்டாம். நேரம் பார்த்து நானே சொல்றேன்" என்றான். அவன் நேரம் பார்ப்பதற்குள் கப்பல் கிளம்பிவிட்டது.

மாமியார் ஒரு ராட்சசி. மருமகளின் குறையைக் கண்டுபிடிக்கவே அவள்...

(அடித்துவிட்டேன். "மாமியார்னா உடனே வில்லியா? வேற பேனா இல்லையா உன்கிட்ட?" என்றாள் தங்கை. அவளுக்கும் ஒரு மாமியார் உண்டு; இருவரும் சேர்ந்துதான் என் தொடர்களைப் படித்துச் சிரிக்கிறார்கள்.)

சரி, மாமியார் நல்லவள். கொடுமை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ராட்சசியாக இருந்திருந்தால் மருமகள் என்றைக்கோ வெடித்துச் சொல்லியிருப்பாள். ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொள்கிறவளிடம், ஐந்து மாதமாக மறைத்ததை எந்த வாயால் சொல்வது?

இன்சுலின் ஊசியை மருமகள் ஒரு பச்சை மூக்குக்கண்ணாடி டப்பாவுக்குள் போட்டு, ஃப்ரிட்ஜில் காய்கறித் தட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். இந்த ஊருக்குக் கிளம்பிய காலையில் கையை விட்டுப் பார்த்தாள். டப்பா இல்லை. கேரட்டை நகர்த்தினாள். கோஸை வெளியே எடுத்தாள். இல்லை. வாசலில் டாக்ஸி ஹாரன்.

"என்னம்மா தேடுறே?" பின்னாலிருந்து மாமியார்.

"ஒண்ணுமில்ல அத்தை."

மாமியார் கோஸை எடுத்து உள்ளே வைத்தாள். "நிஜமா ஒண்ணுமில்லையா?"

"இல்ல அத்தை. தண்ணி பாட்டில்தான்."

நேற்றே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். கண் டாக்டர் இன்னொரு நாள் தங்கச் சொல்லிவிட்டார். புது ஊர், கட்டுப்போட்ட கண்ணோடு அத்தையைத் தனியே விட்டு மருந்துக்கடை தேடிப் போக முடியவில்லை; சொட்டு மருந்து வாங்கிய கடையிலோ அத்தை பக்கத்திலேயே நின்றாள். சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஏறாது, சமாளித்துவிடலாம் என்று சாப்பாட்டைக் குறைத்தாள். (தங்கை இந்த வரியில் பேனாவை ஊன்றிக் கோடு போட்டிருந்தாள்: "சாப்பிடலைன்னா கொழுப்பு இன்னும் வேகமா எரியும். அமிலம் கூடும். நிறைய பேர் செய்யிற தப்பு. இதை எடுத்துடாதே.")

எடுக்கவில்லை.

5

முடிவுகள் என்னிடம் சில இருக்கின்றன.

முடிவு ஒன்று. டீ தீர்ந்துவிடுகிறது. லிஃப்ட் அசைகிறது, கதவு திறக்கிறது, மருத்துவமனை. "அங்க போயிட்டா ஒரு சொட்டு ரத்தத்துல கண்டுபிடிச்சிடுவாங்க. சலைன், இன்சுலின், பொழைச்சிருவா" என்றாள் தங்கை. "ஆனா லிஃப்ட் எப்பக் கிளம்பும்?"

"அது மெக்கானிக் கையில இருக்கு."

"உன் கையில இருக்கு."

"என் கையில இருந்தா அது கதை இல்லடி, கருணை மனு."

முடிவு இரண்டு. மருமகள் பையைத் தள்ளிவிட்டு உண்மையைச் சொல்கிறாள். இதை எழுதியே பார்த்தேன்:

மருமகள் கையைத் தூக்கினாள். கை, ஈரத்துணி மாதிரிக் கனத்தது. பையின் ஓரத்தைப் பிடித்து விலக்கினாள். "அத்தை... எனக்கு..."

"பேசாதே கண்ணு, பேசினா இன்னும் வாங்கும்." மாமியார் அந்தக் கையை அன்பாக எடுத்து மடியில் வைத்துவிட்டுப் பையை முன்னைவிட இறுக்கினாள். "எல்லாம் பயம்தான். நான் இருக்கேன்ல?"

பார்த்தீர்களா? நான் சொல்லவைக்கத்தான் போனேன். அவள் விடவில்லை.

"அது கிடக்கட்டும். ஊசி எங்க போச்சு?" என்றாள் தங்கை.

"எந்த ஊசி?"

"நடிக்காதே. பச்சை டப்பா. ஃப்ரிட்ஜுல இருந்தது காத்துல கரைஞ்சு போச்சா? உனக்குத் தெரியும். மொதல் வரியிலேருந்து தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வாயை மூடிக்கிட்டிருக்கே."

"சஸ்பென்ஸ்டி."

"உனக்கு சஸ்பென்ஸ். அந்தப் பொண்ணுக்கு அது மூச்சு."

போனை வைத்துவிட்டாள்.

6

கவனித்தீர்களா, இதுவரை மாமியாரின் மனசுக்குள் நான் காலெடுத்து வைக்கவே இல்லை. இப்போது போகிறேன்.

பை உப்புவது குறைந்துவிட்டதை மாமியார் கவனித்தாள். சரியாகி வருகிறது என்று முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு மருமகளின் தலை தன் தோளில் சாய்ந்ததில், அந்த எடையில், ஏதோ சரியில்லை என்று பட்டது. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. குனிந்தபோது பையின் ஓரத்திலிருந்து அந்த வாசனை வந்தது. அழுகிய பழம்.

இந்த வாசனையை அவள் முன்பு ஒருமுறை முகர்ந்திருக்கிறாள். அவளுடைய அண்ணனின் கட்டிலருகில். தினமும் தொடையில் ஊசி குத்திக்கொண்ட அண்ணன், ஒரு தடவை ஊசி தீர்ந்துபோய்க் கிடந்தபோது.

மருமகளுக்கு என்ன வியாதி என்று மாமியாருக்குத் தெரியும். கல்யாணமான முதல் மாதம் ஃப்ரிட்ஜைத் துடைத்தபோதே தெரியும். கேட்டால் பிள்ளை கூசிப்போவாள், அவளாகச் சொல்லட்டும் என்று விட்டுவைத்தாள். "என்னம்மா தேடுறே?" என்று அன்று கேட்டதும் அதற்குத்தான். "ஒண்ணுமில்ல" என்றதும், வேறொரு ஊசி கைவசம் வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

கையிலிருந்த பையைப் பார்த்தாள். இன்னும் அது மருமகளின் முகத்தில்தான் இருக்கிறது.

மேலே, "வந்துட்டாரும்மா! ஸ்பேனரை மறந்துட்டாராம், இதோ எடுத்தாந்துருவாரு!" என்று வாட்ச்மேன் குரல்.

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் லிஃப்டை இறக்கிவிடுவேன், அல்லது இறக்காமல் விடுவேன். இரண்டும் எனக்குச் சுலபம். அந்தக் கை பையை எடுக்குமா, "எனக்குத் தெரியும்மா" என்று அந்த வாய் திறக்குமா என்பதுதான் கஷ்டம். அதை நீங்கள் முடியுங்கள். சீக்கிரம்.

வெறுங்கையோடு உங்களை அனுப்ப மாட்டேன். நான் மறைத்துவைத்ததைக் கொடுத்துவிடுகிறேன். மாமியாரின் அக்குளில் இருக்கும் அந்தக் கைப்பையில் பணமில்லை, நகையில்லை. ஒரு கைக்குட்டை இருக்கிறது. ஊசி மருந்தின் குளிர்ச்சி போகக் கூடாது என்று தன் அண்ணன் சொல்லக் கேட்டிருந்ததால், லாட்ஜ் குழாயில் தினமும் காலையில் மருமகள் எழுவதற்கு முன் நனைத்துப் பிழிந்தது. ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் பிள்ளை மறந்துவிடுவாளே என்று, அவளுக்கு முன்னால் காய்கறித் தட்டுக்குப் பின்னால் கைவிட்டு எடுத்துவந்த பச்சை மூக்குக்கண்ணாடி டப்பா அந்த ஈரத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.