கேள்வி கேட்டவளும் கேட்காதவனும்

பத்கென் நகர வங்கியில் திங்கட்கிழமை காலை என்றாலே கூட்டம்தான். ரஷ்யாவில் வேலை செய்யும் பிள்ளைகள் அனுப்பிய பணத்தை எடுக்க வந்த பெண்கள்தான் அதில் பாதிப் பேர். அவர்களுக்கு நடுவே தொக்தொசுன் ஒரு மாவுப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தார். பைக்குள் மாவு இல்லை. பன்னிரண்டு லட்சத்துச் சொச்சம் சோம் பணம் இருந்தது. அதில் அவருடைய பங்கு கொஞ்சம்தான். மீதி அவர் கிராமத்துப் பதினைந்து குடும்பங்களுடையது.

போன ஆடியில் ஆப்ரிகாட் காயும் நேரத்தில் ஆறு நாள் விடாமல் மழை பெய்தது. தட்டுகளில் பரப்பிய பழமெல்லாம் கறுத்துப் புளித்துப் போயிற்று. இனிமேல் வெயிலை நம்ப முடியாது, உலர்த்தும் இயந்திரம் ஒன்று வாங்கிவிடலாம் என்று பதினாறு குடும்பங்களும் சேர்ந்து முடிவு செய்தன. ஓஷ் நகரத்துக் கண்காட்சியில் துருக்கித் தொழிற்சாலை ஒன்றின் ஆளைப் பார்த்துப் பேசி, ஒப்பந்தம் போட்டு வந்தவர் தொக்தொசுன். விலை இருபத்தெட்டாயிரம் டாலர். பாதி முன்பணம், இயந்திரம் லாரியில் ஏறும்போது மீதி.

அவர் எண் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் பெயர் புருல். முப்பத்தைந்து வயது இருக்கும். சிரிக்காத முகம்.

"டாலரா மாத்தி வெளிநாட்டுக்கு அனுப்பணும், தங்கச்சி. பதினாலாயிரம்."

அவள் பாஸ்போர்ட்டையும் ஒப்பந்தத்தையும் வாங்கி நிதானமாகப் படித்தாள். அனுப்ப வேண்டிய கணக்கு எண்ணைக் கேட்டாள். தொக்தொசுன் கைப்பேசியில் வந்திருந்த மின்னஞ்சலைக் காட்டினார்.

"அண்ணே, கம்பெனி துருக்கியில இருக்கு. இந்தக் கணக்கு வேற நாட்டுல இருக்கே. அதுவும் ஒரு தனி ஆள் பேருல. ஒப்பந்தத்துல எழுதியிருக்கிற கணக்கு இது இல்லையே."

"பழைய கணக்குல ஏதோ தணிக்கை நடக்குதாம். அதனால மேனேஜர் கணக்குக்கு அனுப்பச் சொல்லி மெயில் போட்டிருக்காங்க."

"அவங்ககிட்ட போன்ல பேசினீங்களா?"

"எல்லாம் மெயில்லதான்."

"பேசுங்க. கணக்கு மாறினதுக்கு ஒப்பந்தத்தோட சேர்த்து ஒரு காகிதம் வாங்குங்க. அப்புறம் வாங்க, அனுப்பித் தரேன்."

தொக்தொசுனுக்குப் புரிந்துவிட்டது, அப்படித்தான் அவர் நினைத்தார். ஐம்பத்திரண்டு வருட வாழ்க்கையில் அவர் இந்தப் பேச்சை எத்தனையோ மேஜைக்கு முன்னால் நின்று கேட்டிருக்கிறார். நிலப் பத்திரத்துக்கு அலைந்தபோது ஒரு காகிதம் குறைந்தது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போனபோது ஒரு முத்திரை குறைந்தது. மகளை மழலையர் பள்ளியில் சேர்க்கப் போனபோது இடமே இல்லை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் குறைந்தது காகிதம் அல்ல என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

திரும்பி உட்கார்ந்து, அவள் திருப்பித் தந்த பாஸ்போர்ட்டுக்குள் ஐயாயிரம் சோம் நோட்டு ஒன்றை வைத்து மறுபடியும் நீட்டினார்.

"இன்னொரு தடவை நல்லாப் பாருங்க, தங்கச்சி."

அவள் திறந்தாள், மூடினாள், திருப்பித் தள்ளினாள். "உங்க காசு உள்ள கிடக்கு, அண்ணே. எடுத்துக்கிட்டுப் போய், முதல்ல போன் பண்ணுங்க. மேல கேமரா இருக்கு."

தொகை போதவில்லை போலிருக்கிறது, அதோடு கேமராவுக்கும் பயப்படுகிறாள் என்று தொக்தொசுன் கணக்குப் போட்டார். மதிய உணவு நேரத்தில் வங்கியின் பின்வாசலில் பத்தாயிரத்தோடு காத்திருந்தார். புருல் வந்தாள், பார்த்தாள். விலகிக் கடந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி குல்சாராவிடம் பொரிந்து தள்ளினார். "எவ்வளவு வேணும்னாவது சொல்லித் தொலைக்கலாம்ல. வாயே திறக்க மாட்டேங்குறா."

குல்சாரா தேநீரை ஊற்றிக்கொண்டே, "ஒருவேளை நிசமாவே அந்தக் கணக்குல ஏதாவது இருக்கோ என்னவோ. ஒரு போன்தானே?" என்றாள்.

"உனக்கு உலகம் தெரியாது" என்று அவர் பேச்சை முடித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். கவனிக்க வேண்டியவங்களைக் கவனிச்சு, சீக்கிரம் முடிச்சுட்டு வா.

கவனிப்பதற்கு ஆள் கிடைத்தான். வேறொரு வங்கியில் வேலை பார்த்த ஜெனிஷ், குல்சாராவின் சித்தப்பா மகளுடைய கணவன். அடுத்த நாளே அவரைத் தன் அறைக்குள் உட்கார வைத்துத் தேநீர் வரவழைத்தான்.

"நம்ம ஆளுங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறோம், அண்ணே. ஒப்பந்தம் கிப்பந்தம் எல்லாம் காட்டினா நூறு கேள்வி வரும். காரணம்னு ஒரு இடத்துல எழுதணும். 'உறவினருக்கு உதவி'ன்னு போட்டுடறேன்."

"எனக்கு வெளிநாட்டுல உறவு ஏது?"

"காகிதத்துக்குத்தானே."

டாலரின் விலையில் ஜெனிஷ் அரை சோம் கூடுதலாகச் சொன்னதை அவர் கண்டுகொள்ளவில்லை. அதற்கு மேல் பதினைந்தாயிரம் சோமை உறையில் வைத்துக் கொடுத்தார். இருபதே நிமிடம். பணம் போய்விட்டது. வெளியே வரும்போது அவருக்கு நெஞ்சு லேசாக இருந்தது. இந்த நாட்டில் வேலை நடக்கிற விதம் தனக்குத் தெரியும் என்ற பெருமிதம் கூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் மின்னஞ்சல் வந்தது. இயந்திரம் தயார், மீதித் தொகையை மூன்று நாளுக்குள் அதே கணக்குக்கு அனுப்ப வேண்டும், தவறினால் விலை ஏறும். தொக்தொசுன் ஜெனிஷைத் தேடிப் போனார். அவனைத் தலைநகர் பிஷ்கெக்குக்கு மாற்றிவிட்டார்கள். போனிலும் பிடிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல், மீதிப் பணம் இருந்த மாவுப் பையோடு மறுபடி புருலின் முன்னால் போய் நின்றார்.

அவளுக்கு அவரை நினைவிருந்தது. "முதல் பாதி போயிடுச்சா?"

"போயிடுச்சு. வேற வழியா."

"அதே கணக்குக்கா?"

அவர் தலையசைத்தார். அவள் முகம் மாறியது. "மெயில் வேண்டாம், அண்ணே. ஓஷ்ல அவங்களை நேர்ல பார்த்தப்போ ஏதாவது குடுத்தாங்களா? அட்டை, புத்தகம், எதுவாவது?"

சட்டைப் பைக்குள் மடிந்து கிடந்த விலைப் பட்டியலை அவர் எடுத்தார். அதன் கீழே ஒரு தொலைபேசி எண் இருந்தது.

"இந்த நம்பருக்குப் பேசுங்க. இங்கேயே நின்னு பேசுங்க."

துருக்கிக்காரர்கள் பேச்சு அவருக்கு முக்கால்வாசி புரியும். மறுமுனையில் இருந்தவர் மரியாதையானவர். தொக்தொசுனின் பெயரைச் சொன்னதும் சந்தோஷப்பட்டார். "ஐயா, உங்க முன்பணம் வரும்னு ஒரு மாசமாப் பார்த்தோம். வரலை. வேண்டாம்னு விட்டுட்டீங்களோன்னு நினைச்சோம். கணக்கா? நாங்க எந்தக் கணக்கையும் மாத்தலையே."

தொக்தொசுன் போனை வைத்துவிட்டு, கேட்டதைப் புருலிடம் சொன்னார். புருல் மின்னஞ்சல் முகவரியை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுக் காட்டினாள். ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். யாரோ இடையில் நுழைந்து கடிதங்களைப் படித்து, தொழிற்சாலைபோலவே எழுதியிருக்கிறார்கள்.

"திருப்பிக் கேக்க முடியாதா, தங்கச்சி?"

"அனுப்பின வங்கி மூலமா எழுதணும். போலீஸ்லயும் இன்னைக்கே புகார் குடுங்க. என்ன காரணம்னு எழுதி அனுப்பினீங்க?"

"உறவினருக்கு உதவி" என்று மெல்லச் சொன்னார். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. உறவினருக்குக் கொடுத்த உதவியில் என்ன ஏமாற்று என்று அந்த ஊர் வங்கி கேட்டிருந்தது. தவிர, அந்தக் கணக்கில் எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் அந்தப் பதிலுக்காக அவர் காத்திருக்கவில்லை. ஏமாந்தது தெரிந்த அன்று சாயங்காலமே பள்ளிக்கூட அறையில் பதினாறு குடும்பங்களையும் கூட்டினார். குல்சாரா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏமாற்றுக்காரர்களைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் பரிதாபப்பட்டிருப்பார்கள். அவர் ஐயாயிரத்தையும், பின்வாசலில் நின்றதையும், பதினைந்தாயிரத்தையும் சேர்த்தே சொன்னார்.

அவர் சொல்லி முடித்ததும், ஐந்து மரம் மட்டுமே வைத்திருக்கும் விதவை சாய்ரகூல் எழுந்தாள். "கவனிச்சுட்டு வான்னு சொன்னதுல நானும் இருந்தேன். உங்களை மட்டும் என்னன்னு திட்டுறது?" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து, முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொக்தொசுன் தன் பங்குப் பணத்தையும் தன் வண்டியையும் அவளைப் போன்ற மூன்று ஏழைக் குடும்பங்களின் இழப்புக்கு ஈடாகக் கொடுப்பதாகச் சொன்னார். மற்றவர்கள் அதை மறுக்கவில்லை. மறுக்கும் நிலையில் அவர்களும் இல்லை. மிச்சமிருக்கும் பாதிக்குச் சிறிய இயந்திரம் ஒன்று வாங்கலாம், இருக்கிற பழத்தில் பாதியாவது தப்பும் என்று முடிவாயிற்று.

அடுத்த வாரம் அவரும் குல்சாராவும் சாய்ரகூலும் வங்கிக்குப் போனார்கள். புதிய ஒப்பந்தம், தொழிற்சாலையின் சொந்தப் பெயரில் உள்ள கணக்கு, தொலைபேசியில் பேசி எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்த காகிதம் எல்லாம் கையில் இருந்தன. புருல் வழக்கம்போல் சிரிக்காமல் கேட்டுக்கொண்டே போனாள். யார், எதற்கு, எந்த வங்கி, எந்தத் தேதியில் பேசினீர்கள், யாரிடம் பேசினீர்கள். தொக்தொசுன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வரிசையில் பின்னால் நின்ற, தோல் கோட்டுப் போட்ட ஒருவர் பொறுமையிழந்து அவர் தோளருகே குனிந்தார். "இந்தப் பொண்ணு சும்மா இழுக்குறா. எவ்வளவு எதிர்பாக்குறான்னு கேட்டு முடிச்சு விடுங்களேன், அண்ணே."

தொக்தொசுன் முழுதாகத் திரும்பி அந்த மனிதரைப் பார்த்தார். அவர் குரல் உயரவில்லை. ஆனால் வரிசை முழுக்கக் கேட்டது.

"காசு வாங்காம என்னைக் கேள்வி கேட்டவளைத் திருடின்னு நினைச்சேன், தம்பி. காசு வாங்கிக்கிட்டு ஒரு கேள்வியும் கேக்காதவனை நம்ம ஆளுன்னு நம்பினேன். பதினாறு வீட்டு உழைப்பு போச்சு. லஞ்சம் குடுத்து நாம வேலையை வாங்கல, நம்மைக் காப்பாத்த இருந்த கேள்வியைத்தான் விலைக்கு வாங்கி வாயடைச்சோம். அவங்க கேக்கட்டும். நீங்க நில்லுங்க."