பச்சை வண்டியில் ஏறச் சொன்னேன்

1

இந்தக் கதை ஒரு சீட்டிலிருந்து வந்தது. மாலை வகுப்பில் நொயெமி டீச்சர் சீட்டுக் குலுக்கினார். மெக்சிகோ நகரத்துக்கு வருகிறவர்கள் என்னென்ன பார்க்கலாம் என்று ஒரு சின்னப் புத்தகம். எழுதப்போவது நாங்கள், தலை நரைத்தபின் எழுத்துக் கூட்டக் கற்ற பதினோரு பேர். ஆளுக்கு ஒரு இடம், பத்து வரி. சந்தையில் கொத்தமல்லி விற்கிற ஃபிலோமேனாவுக்குப் பேராலயம் விழுந்தது. எனக்குச் சொச்சிமில்கோ. கால்வாயில் மிதக்கிற பூப்படகுகள்.

"டீச்சர், வேற சீட்டு எடுத்துக்கலாமா?"

"ஏன் நிகானோர்? இருக்கிறதுலயே சுலபம் படகுதான்."

"தண்ணின்னா எனக்கு ஆகாது டீச்சர்."

"உங்கள யாரு இறங்கச் சொன்னா? எழுதுனாப் போதும். என்ன பாக்கலாம், எப்படிப் போகலாம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது."

என்ன பார்க்கலாம் என்பதில் எனக்குப் பயமில்லை. எப்படிப் போகலாம் என்பதில்தான் பயம்.

முதல் தொடக்கம்: சொச்சிமில்கோவின் படகுகள் பல நிறம் கொண்டவை. அங்கே போவதற்கு நீங்கள்

(நிறுத்திவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: நம் நகரத்துக்கு வரும் விருந்தினரே, வணக்கம். படகு ஏற வேண்டுமானால் முதலில்

(இதுவும் அங்கேயே நிற்கிறது.)

மூன்றாம் தொடக்கம்: ஆறு வருடம் முன்பு வழி கேட்ட ஒரு அம்மாவைத் தவறான வண்டியில் ஏற்றிவிட்டேன். அவர் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவதில் கை நிற்கவில்லை. ஆகவே இதைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

2

மே மூன்று, சிலுவை நாள். கட்டட வேலைக்காரன் எவனும் அன்று பூச்சுக் கரண்டியைத் தொட மாட்டான். கட்டடத்தின் உச்சியில் பூச்சுற்றிய சிலுவையை ஏற்றுவோம், வீட்டுக்காரர் விருந்து வைப்பார். போர்த்தாலெஸ் பகுதியில் ஒரு மூன்று மாடி வீடு, நான்தான் மேஸ்திரி. செங்கல்மேல் சாரப் பலகையைப் போட்டு மேசையாக்கியிருந்தோம். மோலே குழம்பு, சிவப்புச் சோறு, சோள ரொட்டி. நான் வெளுத்த சட்டை போட்டிருந்தேன்.

[சட்டையை ஏன் எழுதுகிறேன் என்றால், அதற்கும் இதில் பங்கு உண்டு. சிமென்ட் அப்பிய சட்டைக்காரன் ஒரு விஷயம் தெரியாது என்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.]

அந்த அம்மா நடைபாதையில் நின்று சிலுவையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடாமல் இருக்க முடியுமா?

"வாங்கம்மா, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

"ஐயோ வேணாம் தம்பி, உங்களுக்குத் தொந்தரவு."

"என்ன தொந்தரவு? இது உங்க வீடும்மா."

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு. எங்கள் ஊரில் கைவேலைக்காரன் கட்டையில் போகும்வரை தம்பிதான்.

உட்கார்ந்து சாப்பிட்டார். துராங்கோவிலிருந்து வருகிறாராம், தலைநகருக்கு இதுதான் முதல் தடவையாம். இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று நாலு பேர் கேட்டோம். பெயர் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பூப்படகு பாக்கணும் தம்பி. போற வழிய என் மக இதுல எழுதிக் குடுத்திருக்கா. கண்ணாடிய ஓட்டல்லயே வச்சிட்டு வந்துட்டேன். கொஞ்சம் பாத்துச் சொல்லு."

எனக்கு அப்போது ஒரு எழுத்தும் தெரியாது. நான் படிக்காதவன் என்பது என் வேலையாட்கள் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். தாளை வாங்கினேன். படிக்கிறவர்கள் கண்ணை எப்படி ஓட்டுவார்கள் என்று பார்த்துவைத்திருந்தேன், அப்படியே ஓட்டினேன். பிறகு தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன், கை தானாக நீண்டது.

"அதோ பாருங்க, பச்சை வண்டி. அதுல ஏறுங்க. கடைசி ஸ்டாப்புல இறங்குங்க."

என் வேலையாள் செலெடோனியோ ஓடிப்போய் நடுரோட்டில் நின்று வண்டியை மறித்தான். இன்னொருவன் இரண்டு ஆரஞ்சுப் பழத்தை அவர் பையில் திணித்தான். எல்லோரும் சேர்ந்து கையசைத்து அனுப்பினோம்.

பச்சை வண்டி கிழக்கே மலைச்சரிவுக்குப் போகிறது. படகு தெற்கே இருக்கிறது.

* வெளியூர்க்காரர்களுக்கு: இந்த ஊரில் வழி கேட்டால் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உதவ மனசில்லாதவன்தான் தெரியாது என்பான் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். அதனால் மூன்று பேரிடம் கேளுங்கள், இரண்டு கை ஒரே பக்கம் நீண்டால் கிளம்புங்கள். (டீச்சர், புத்தகத்தில் வேறு எதைப் போடாவிட்டாலும் இதைப் போடுங்கள்.)

3

செலெடோனியோவை இந்தக் கதையில் என்ன செய்வது என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. முதலில் எழுதியபோது வண்டியைக் காட்டியதே அவன்தான் என்று எழுதினேன். வாசிக்க நன்றாக இருந்தது. பிறகு மனசு உறுத்தி, அவனையே போய்க் கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரம். தகரத்தின்மேல் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தான்.

"செலே, அந்தச் சிலுவை நாள்ல ஒரு அம்மா வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?"

"துராங்கோ அம்மாதானே? மோலே ரெண்டாந்தடவ வாங்குனாங்க. எனக்குத்தான் கோழிக் காலு இல்லாமப் போச்சு."

"அவங்க தாள்ல என்ன எழுதியிருந்துச்சுன்னு நீ பாத்தியா?"

ரொட்டியைத் திருப்பிப் போட்டான். "பாத்தேன். குட்டி ரயில்ல ஏறணும்னு இருந்துச்சு."

"அப்புறம் ஏன்டா வாயத் தொறக்கல?"

"மேஸ்திரி வண்டின்னு சொல்லியாச்சு. விருந்தாளி முன்னாடி, ஒங்களுக்குப் படிக்கத் தெரியலன்னு நான் சொல்லணுமா? ஏதாச்சும் குறுக்கு வழி தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"தெரிஞ்சே வண்டிய நிறுத்துன."

"ஒங்க மரியாதைக்கு நிறுத்துனேன். இப்ப ரொட்டி தீயுது, சாப்புடுறீங்களா இல்லையா?"

அவனைக் கெட்டவனாக எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். அவன் கொடுத்த ரொட்டி இன்னொரு கையில் இருந்தது.

4

ஒன்றை மறைத்துவிட்டேன். மறைத்தபடியே எழுதி முடிக்கலாம் என்றுதான் இருந்தேன்.

கண்ணாடி. வங்கியில், ஆஸ்பத்திரியில், என் கல்யாணப் பதிவில், வார்டு ஆபீசில், எங்கே தாள் நீட்டினாலும் நான் சொல்கிற சொல் அதுதான்: கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் ஆயுளில் எனக்குக் கண்ணாடியே கிடையாது. எழுத்துத் தெரியாதவர்கள் எல்லோரும் அந்தக் கண்ணாடியைத்தான் எங்கோ வைத்துவிட்டு வருவோம்.

அந்த அம்மா சாப்பிடும்போது சோற்றில் கிடந்த கடுகளவு கல்லை நகத்தால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். நான் பார்த்தேன். கிட்டத்துப் பார்வையில் ஒரு குறையும் இல்லை.

வண்டி நகர்ந்தபின்தான் எனக்கு உறைத்தது என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் தாளை நீட்டும்போதே எனக்குத் தெரியும். வண்டியின் பலகை, தெருப் பெயர், திரும்பிப் போக வேண்டிய ஓட்டலின் பெயர், எதுவும் இவருக்குப் படிக்க வராது என்று தெரிந்தேதான் கை நீட்டினேன். இரண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டோம். ஆனால் வண்டியில் ஏறிப் போனது அவர்.

5

மறுவருடம் சந்தைப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நடுவில் ஒரு வயதான பெண்ணின் முகம், நகல் எடுத்து நகல் எடுத்துக் கருத்த முகம். மேலே பெரிய எழுத்து. கீழே தொலைபேசி எண்.

அந்த அம்மாவைக் காணவில்லை. வேறு என்னவாக இருக்கும்?

கிழித்து மடித்து, ரசமட்டத்தோடு கருவிப் பையில் வைத்தேன். யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. படிக்கிறவர் என் முகத்தைப் பார்ப்பாரே. நொயெமி டீச்சரிடம் சேர்ந்தபோது, கட்டட அனுமதித் தாளை வாசிக்கத்தான் படிக்க வந்தேன் என்றேன். மூன்று வருடம். எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பழகி, இந்த ஜனவரியில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அதை விரித்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து

சுளுக்கு. நரம்புப் பிடிப்பு. குழந்தைகளுக்கு வயிற்றுக் கட்டு, கண்ணேறு. தோன்யா லெயோகாதியா. பச்சை வண்டி கடைசி ஸ்டாப், சிற்றாலயத்துக்குப் பின்னால், நீலக் கதவு.

விளம்பரம். சிரித்தேன். கட்டிலில் உட்கார்ந்து நன்றாகவே சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. ஐந்து வருடமாக அந்தத் தாள் ஒன்றுதான் அந்த அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்த சேதி. அதுவும் போயிற்று. பிறகு இடம் சொல்கிற வரியை மறுபடி படித்தேன். பச்சை வண்டி, கடைசி ஸ்டாப்.

6

போய்ப் பார்க்கப் பயந்து, உட்கார்ந்து முடிவுகள் எழுதினேன். 

முடிவு ஒன்று. வண்டி ஓட்டுநர் நல்லவர். பாதியில் இறக்கி, ரயில் நிலையத்துக்குக் கூட்டிப் போகிறார். அந்த அம்மா படகு ஏறுகிறார், துராங்கோவில் இன்றைக்கும் என்னைச் சொல்லிச் சிரிக்கிறார். (எனக்குப் பிடித்தது இது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு இரண்டு. கடைசி ஸ்டாப்பில் இறங்கிப் படகு எங்கே என்று கேட்கிறார். ஒருவர் கை காட்டுகிறார். அங்கே போகிறார். இன்னொருவர் வேறு பக்கம் காட்டுகிறார். அங்கேயும் போகிறார். (இதை என்னால் முடிக்க முடியவில்லை. இன்னும் நடந்துகொண்டிருக்கிறார்.)

முடிவு மூன்று. நீலக் கதவைத் தட்டுகிறேன்.

7

போன ஞாயிறு பச்சை வண்டியில் ஏறினேன். ஒன்றேகால் மணி நேரம். யாரிடமும் வழி கேட்கவில்லை, பலகைகளைப் படித்தே போனேன்.

கதவைத் திறந்தவர் வெள்ளை ஏப்ரன் கட்டியிருந்தார். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தெரியவில்லை. கருத்த நகலையே ஐந்து வருடம் பார்த்துப் பார்த்து, உண்மை முகம் அழிந்துபோயிருந்தது.

"எங்க வலி?" என்றார்.

"தோளு."

"எத்தன நாளா?"

"ஆறு வருஷம்மா."

நாற்காலியில் திருப்பி உட்காரவைத்துப் பின்னால் நின்று பிடித்துவிட்டார். சுவரைப் பார்த்தபடி கேட்டேன்.

"உங்களுக்குத் துராங்கோவாம்மா?"

"எல்லாருக்கும் எங்கயோ ஒரு ஊரு, தம்பி. மூச்ச விடு."

"சிலுவை நாள்ல ஒரு தடவ போர்த்தாலெஸ் பக்கம் வந்தீங்களா? ஒரு கட்டடத்துல விருந்து நடந்துச்சு."

"சாப்பாடு எப்படி?"

"நல்லா இருந்துச்சு. ஒரு அம்மா மோலே ரெண்டாந்தடவ வாங்குனாங்க."

"அப்ப அது நான்தான்," என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. "அந்த அம்மாவுக்கு நான் தப்பா வழி சொல்லிட்டேன். அவங்க பூப்படகு பாக்கணும்னாங்க. தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்."

கை நின்றது. எவ்வளவு நேரம் என்று எழுதப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வருகிறது. பிறகு கட்டைவிரல் மறுபடி எலும்போரம் இறங்கியது.

"பாத்தேன் தம்பி. ரொம்ப அழகு. பூவெல்லாம் பாத்தேன். தோளக் கல்லு மாதிரி இறுக்கி வச்சிருக்கியே, விடு."

8

நாளை வெள்ளிக்கிழமை. பத்து வரி கேட்ட டீச்சர் இத்தனை தாளைப் பார்த்து என்ன சொல்வாரோ.

தவிக்கிறவனிடம் இல்லை என்று சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் வராது. அவர் வேறு யாரோ என்றால், மரியாதைக்குச் சொன்னார். அந்த அம்மாவேதான் என்றால், இறங்கிய இடத்திலேயே இருந்துவிட்டார். மகள் எழுதிய தாள் கையில் இருந்தும் திரும்பிப் போக வழியில்லாமல் போயிருக்கிறது. பச்சை வண்டி போகிற இடத்தில் படகு கிடையாது. என் தோளுக்காகப் படகைப் பார்த்தேன் என்றார்.

கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். அதை வாசல்வரை வாயில் வைத்திருந்தேன். "நல்லா இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே, வருகிறவர்களுக்கு என் யோசனை. படகு தெற்கே இருக்கிறது. டாஸ்கென்யாவில் குட்டி ரயில் ஏறுங்கள், கடைசி நிலையத்தில் இறங்குங்கள். நேற்று புதன்கிழமை நானே போய் வந்துவிட்டுத்தான் எழுதுகிறேன், இது சரியான வழி. நேரம் மிச்சமிருந்தால் கிழக்கே பச்சை வண்டியில் போங்கள். சிற்றாலயத்துக்குப் பின்னால் நீலக் கதவு. உடம்பில் எங்காவது வலிக்கிறது என்று சொல்லுங்கள். படகைப் பற்றிக் கேட்காதீர்கள், உங்களுக்கும் பார்த்தேன் என்றே சொல்வார். என் பெயரையும் எடுக்க வேண்டாம். சும்மா பேச்சுவாக்கில், இந்த வீட்டுக்கு எப்போது வந்தீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

இருபது வருடம் என்றால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். அந்த அம்மா இன்னும் எங்கோ நடந்துகொண்டிருக்கிறார், நான் தேடப் போக வேண்டும். ஆறு வருடம் என்றால்