டினோஜா வீட்டில் தங்கிப்போன பாடங்கள்

பேசாலையில் டினோஜாவின் வீட்டில் ஏழாம் வாய்ப்பாடு ஏழேழு நாற்பத்தொன்பதோடு நின்று, 2020 பங்குனிக் கடைசியிலிருந்து குசினி வாசலில் தொங்கியது. பார்வைக்கு ஈர வலை போல இருந்தது. உயரமான ஆட்கள் குனிந்துதான் போகவேண்டும். கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டி இரண்டாம் கிழமை அது. உலையில் சோற்றைப் பார்த்துக்கொண்டே மூன்றாம் வகுப்பு மெர்லினையும் முதலாம் வகுப்பு ஜெரோனையும் வாசலில் இருத்தி டினோஜா வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள். ஏழேழு வந்த நேரம் தண்ணீர் பவுசர் ஹோன் அடித்தது. குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது பிள்ளைகள் வேலிக்கு அப்பால் நின்றார்கள். வாய்ப்பாடு மட்டும் விட்ட இடத்திலேயே நின்றது.

பின்னேரம் கடலால் வந்த அவளுடைய புருசன் எமில் அதில் தலையை மோதிக்கொண்டான்.

"என்னப்பா இது, இறால் வலையோ?"

"ஏழாம் வாய்ப்பாடு."

"அப்ப கழட்டி வையன்."

கழற்ற முடியாது. படித்த மூன்று பேரும் மறுபடி ஒன்றாக இருந்து, விட்ட இடத்திலிருந்து கடைசிவரை சொன்னால் போய்விடும் என்பது டினோஜாவுக்கு எப்படியோ விளங்கிவிட்டது. அதற்கு ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம்தான் அந்த வீட்டில் இல்லை. ஏழெட்டு என்று வாயெடுத்தால் கிராம சேவகர் கையெழுத்துக்கு வந்தார். மறுநாள் வாயெடுத்தால் பக்கத்து வீட்டுப் பிரான்சிஸ்கா மாவரிக்கிற அரிதட்டு கேட்டு வந்தாள். அதற்கு அடுத்த நாள் தெருக்கழுதை ஒன்று உள்ளே வந்து கணக்குப் புத்தகத்தின் பாதியைத் தின்றுவிட்டுப் போனது.

இப்படியே பாடங்கள் சேர்ந்தன. செடியின் பாகங்கள் தண்டோடு நின்றதால், விறாந்தை மூலையில் வேரும் தண்டும் மட்டுமுள்ள ஒரு செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து, இலை வருமென்று காத்திருந்தது. அருவியாறு எங்கே தொடங்குகிறது, எங்கே தண்ணீர் பிரிந்து கட்டுக்கரைக் குளத்துக்குப் போகிறது என்று சொல்லி, இனிக் கடலில் விழுத்த வேண்டியதுதான் பாக்கி என்ற இடத்தில் மீன் முதலாளி போன் எடுத்தார். வீட்டில் ஒரே ஒரு போன். ஆறு முன்னறைக்குள்ளால் கணுக்கால் ஆழத்துக்கு ஓடி, கடல் தெரியாமல் வாசற்படியோடு நின்றது. அதில் விரால் பிடிபட்டது. ஆற்று மீன் சேறு மணக்கும் என்று எமில் தொடவில்லை. பிரான்சிஸ்கா வாங்கிப்போய்க் குழம்பு வைத்து, நல்லாயிருந்தது என்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்தாள்.

ராசாதான் எல்லாவற்றிலும் பெரிய கரைச்சல். "ஒரு ஊரில ஒரு ராசா இருந்தார், அவருக்கு" என்று ஜெரோனுக்குக் கதை தொடங்கிய நேரம் காஸ் சிலிண்டர் லொறி வந்துவிட்டது என்று ஊரே ஓட, டினோஜாவும் ஓடினாள். அன்றிலிருந்து ராசா அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றார். மரியாதையான மனுசன். தனக்கு மூன்று பெண்சாதியா, தீராத வருத்தமா, தங்கக் கோழியா என்று தெரியாமல், யார் கடந்து போனாலும் முகத்தைப் பார்ப்பார். எமில் உடுக்க ஒரு சாரம் கொடுத்தான். டினோஜா காலையில் ஆறு தேத்தண்ணி ஊற்றப் பழகிக்கொண்டாள், ஆறாவது பிரான்சிஸ்காவுக்கு.

பள்ளிக்கூடம் திறந்தது, பூட்டியது, திறந்தது. 2022இல் டீசல் இல்லையென்று மறுபடி பூட்டினார்கள். மண்ணெண்ணெயும் இல்லாததால் எமிலின் போட் கரையில் ஏறியது. எமில் வீட்டிலிருப்பது மூன்று பவுசர் ஒன்றாய் வருவதற்குச் சமம். அவள் பின்னம் தொடங்கினால் அவனுக்கு ஊசி நூல் தேவைப்படும். அவள் சொல்வதெழுதல் வைத்தால் அவனுக்குச் செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையா என்று சந்தேகம் வரும்.

அந்த நாட்களில்தான் யாழ்ப்பாணத்திலிருந்து சிஸ்டர் றஞ்சிதம் போன் எடுத்தார். எமிலின் மூத்த அக்கா. தாய் செத்த பிறகு அவனைத் தூக்கி வளர்த்துவிட்டுத்தான் கன்னியாஸ்திரி மடத்துக்குப் போனவர். அவர் சொல்லுக்கு எமில் வாழ்நாளில் 'இல்லை' சொன்னது கிடையாது. "டினோஜா, மெர்லின் இப்ப ஐந்தாம் வகுப்பு, புலமைப்பரிசில் பரீட்சை எடுக்கிற வருசம். ஆடி மாதம் வாறன். பிள்ளை ஒழுங்காய்ப் படிச்சிருந்தால் உம்மோட இருக்கட்டும். இல்லையெண்டால் எங்கட ஹொஸ்டலுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

"அக்கா சொன்னால் அதில ஒரு நியாயம் இருக்கும்" என்றான் எமில்.

"உங்களுக்குக் கடிக்கிற நுளம்பிலயும் நியாயம் இருக்கும். பேசாமல் இருங்கோ."

மெர்லின் இல்லாத வீட்டை டினோஜாவால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த வீட்டில் அவள் சொல்வதை முதல் தரத்திலேயே கேட்கிற ஒரே ஆள் மெர்லின்தான். வலை நூல் சிக்கினாலும் ஜெரோன் சிக்கினாலும் எடுத்துவிடுகிறவளும் அவள்தான். டினோஜா ஒரு கிழமை முழுக்கப் வேலிப் படலையைக் கட்டிவைத்து, போனை நிறுத்தி, தங்கிய பாடங்களை முடிக்கப் பார்த்தாள். செடியை மட்டும் முடித்தாள். இலை, பூ, காய் என்று அவள் சொல்லி முடிக்கவும், செடி ஒரு தரம் முழுதாகப் பூத்துவிட்டு இல்லாமல் போனது. மற்றதற்கெல்லாம் படலைக்கு மேலால் ஆட்கள் கூப்பிட்டார்கள்.

சிஸ்டர் வந்தார். ஆற்றைக் கண்டதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தார். வாய்ப்பாட்டுக்குக் குனிந்தார். ராசா எழுந்து கதிரையைக் கொடுக்க, "தாங்ஸ்" என்று சொல்லி இருந்தார். பிறகு மெர்லினை முன்னால் நிறுத்தினார். வாசிப்பு சரி. கையெழுத்து நல்ல சரி. டினோஜாவுக்கு மூச்சு வந்தது.

"இருபது மீன் இருக்கு. நாலு பேருக்குப் பிரி. ஆளுக்கு எத்தினை?"

"போட் ஆருடைய, சிஸ்டர் மாமி?"

"போட்டா? ஆருடையதோ."

"வலை?"

"பிள்ளை, கணக்கைச் செய்."

மெர்லின் கண்ணை மூடிக்கொண்டு செய்தாள். கறிக்கு முதலில் இரண்டு எடுத்து வைக்கவேண்டும். மிச்சம் பதினெட்டு. போட்டுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆட்கள் நாலு பங்கு. "மூண்டு" என்றாள்.

"ஐஞ்சு" என்றார் சிஸ்டர்.

"ஐஞ்செண்டால் போட்காரன் அடிக்க வருவான், மாமி."

எமில் சிரித்துவிட்டான். சிரித்திருக்கக் கூடாது. வீட்டிலிருந்த காலத்தில் பிரித்தல் பாடத்தை அவன்தான், கரையில் செய்கிறமாதிரியே, பிழையில்லாமல் சொல்லிக்கொடுத்திருந்தான். ஒருவரும் குறுக்கிடாமல் முடிந்த ஒரே பாடம் அது. குறுக்கிடுகிற ஆளே வாத்தியாராக இருந்ததால். மீனவக் குடும்பத்தில் பிறந்த சிஸ்டருக்கும் அந்தப் பங்கு தெரியாததல்ல. ஆனால் பரீட்சைத் தாளில் போட் கிடையாது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். எமில் தலையைக் குனிந்துகொண்டான். மெர்லின் தாயின் சட்டை நுனியைப் பிடித்தாள்.

"இனிக் கதையில்லை. மெர்லினை நாளைக்கு என்னோட"

இரண்டு வருடமும் நாலு மாதமும் மற்றவர்களால் குறுக்கே வெட்டுப்பட்டவள் டினோஜா. எந்தப் பேச்சை எந்த இடத்தில் வெட்டவேண்டும் என்பது அந்தக் கரையில் அவளளவுக்கு வேறு ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"சிஸ்டர், பாரை மீன் கிடக்கு. பொரிக்கவோ, குழம்பு வைக்கவோ?"

ஹொஸ்டலில் ஆறு மாதமாகப் பருப்பு. "பொரியும்" என்று சிஸ்டரின் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். அவருடைய வசனம், அரைவாசியில், முன்னறையின் குறுக்கே இரண்டு சுவருக்கும் இடையில் நின்றது. நல்ல வைரமான வசனம், வளையவில்லை.

சிஸ்டர் விடுகிற ஆளில்லை. சாப்பிட்டு முடித்ததும் வீட்டார் நாலு பேரையும் முதல் நின்ற இடத்திலேயே நிறுத்தி, வசனத்தை முடிக்கத் தொண்டையைச் செருமினார். கோவில் மணி அடித்தது, திரிகால செபம் சொல்லவேண்டி வந்தது. மறுநாள் தொடங்கினார், ஜெரோன் ஆற்றில் விழுந்தான். அதற்கு அடுத்த நாள் பிரான்சிஸ்கா அரிதட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தாள், இரண்டு வருடத்தில் முதல் தடவையாக. எதையும் டினோஜா சொல்லிச் செய்விக்கவில்லை. அவள் வாசலில் நின்று அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் சிஸ்டரே மெர்லினைக் கூப்பிட்டு, "பரீட்சையில போட்டும் இல்லை, வலையும் இல்லை, கறி மீனும் எடுக்கப்படாது" என்று சொல்லிக் கொடுத்தார். பாவம் அந்தப் போட்காரன் என்று மெர்லின் ஒத்துக்கொண்டாள். மன்னார் பஸ்ஸில் ஏறும்போது சிஸ்டர் டினோஜாவின் கையைப் பிடித்து, "அது அங்கேயே கிடக்கட்டும். பிறகு வந்து முடிக்கிறன்" என்றார். வருடா வருடம் திருவிழாவுக்கு வருகிறார். இன்னும் முடிக்கவில்லை.

மெர்லின் இப்போது எட்டாம் வகுப்பு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான். அந்த வசனத்தில் டினோஜா உடுப்புக் காயப்போடுகிறாள். மாரியில் வெயில் இல்லாத நாட்களில் 'மெர்லினை' என்ற பக்கத்தில் மெர்லினுடைய வெள்ளைச் சட்டையும், 'நாளைக்கு' என்ற பக்கத்தில் ஜெரோனுடைய காற்சட்டையும், மிச்ச இடத்தில் எமிலின் சாரங்களும் தொங்கும். நைலோன் கயிறு போலத் தொய்வதில்லை என்று, வருகிறவர்களுக்கு அவள் சொல்வாள்.