மூன்றாம் தண்ணீருக்குப் பிறகு

ஏரிக்கரையில் முதல் மதகைத் தாண்டியதும் வளர்மதி நின்றுவிட்டாள். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, காலையில் குடித்த டீயைக் கரையோரமாகக் கக்கினாள்.

முன்னால் ஓடிய தோழி பிரிஸ்கில்லா திரும்பி வந்தாள். "இன்னாடி, பதினெட்டு நாள் படுத்துக் கெடந்துட்டு மொத நாளே பறக்கலாம்னு பாத்தியா?"

"முன்னெல்லாம் நீதான் எனக்குப் பின்னால வருவ."

"அப்ப வந்தேன். இப்ப நீ வா."

வளர்மதிக்கு அம்மை போட்டிருந்தது. பதினோராம் நாளே எழுந்து நடமாடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா பரிமளா விடவில்லை. தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றாமல் வாசலைத் தாண்டக் கூடாது. தண்ணீர் ஊற்றுவதற்கும் நாள் பார்க்க வேண்டும். மூன்றாம் தண்ணீர் ஊற்றி வேப்பிலையை எடுத்தபோது, மத்தியப் படைக் காவலர் ஓட்டத் தேர்வுக்கு இருபத்து மூன்று நாள்தான் மிச்சம். ஆயிரத்து அறுநூறு மீட்டர், எட்டரை நிமிடம். இதை விட்டால் வளர்மதிக்கு வயது தாண்டிவிடும். பிரிஸ்கில்லாவுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது.

மறுநாள் பிரிஸ்கில்லா சொன்னாள்: "வாட்ச்ச அவுத்து எங்கிட்ட குடு. இனிமே பேசிக்கினே ஓடணும். மூச்சு வாங்கி பேச்சு நின்னா நடக்கணும். பேச்சு வந்தா திரும்ப ஓடணும்."

"இன்னாத்த பேசறது?"

"வூட்டுல அத்தினி நாள் இன்னா நடந்துச்சோ அத்த சொல்லு."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தாங்க."

"அம்மையோடவா?"

"அவங்களுக்கு எப்டி தெரியும்... வாசல்ல வேப்பிலைய பாத்துட்டு..."

பேச்சு நின்றது. இரண்டாம் மதகு இன்னும் தொலைவில் இருந்தது. நடந்தார்கள்.

அந்த வாரம் முழுக்கக் கதை துண்டு துண்டாகத்தான் நகர்ந்தது. புள்ளலூரிலிருந்து வந்தவர்கள் செருப்பைக் கழற்றாமலே திரும்பினார்கள் என்பதைச் சொல்லி முடிக்கச் செவ்வாய்க்கிழமை ஆனது. மாப்பிள்ளையின் அம்மா பழப்பையைக் கேட்டில் மாட்டிவிட்டுப் போன இடத்துக்குச் சனிக்கிழமைதான் வந்து சேர்ந்தாள்.

"பழத்த யாரு துன்னா?"

"மாதுளம்பழம்... குளிர்ச்சின்னு... அம்மா எனக்கே உரிச்சிக் குடுத்துச்சி."

"அப்ப பாதி நிச்சயம் ஆயிப்போச்சி."

சிரித்ததில் இருவருக்குமே மூச்சு வாங்கியது. அன்றைக்கும் நடந்தார்கள்.

இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு நாள், ஏரியின் உபரி நீர் வழியும் கலங்கல் அருகே, வளர்மதி நிற்காமல் சொல்லிக்கொண்டு போனாள். "அம்மா இன்னா சொல்லுது தெரியுமா? ஓட்டத்துல தேறிட்டா புள்ளலூரு காரங்கள திரும்ப வரவேணாம்னு அதுவே போன் பண்ணிடுமாம். தேறலன்னா எதுத்துப் பேசாம பொடவ கட்டிக்கினு வந்து நிக்கணுமாம்."

பிரிஸ்கில்லா திரும்பிப் பார்த்தாள். "இவ்ளோ பெரிய சேதிய ஏண்டி மொத நாளே சொல்லல?"

"அவ்ளோ நீளத்துக்கு மூச்சு பத்தல."

தேர்வுக்கு நான்கு நாள் முன்பு பிரிஸ்கில்லா வாட்ச்சைக் கையில் எடுத்தாள். "இன்னிக்கு வாயத் தொறக்காத." பைக் மீட்டரில் அளந்து சுண்ணாம்படித்த கல் வரைக்கும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லைத் தொட்டு வளர்மதி உட்கார்ந்துவிட்டாள்.

"எட்டு இருவத்தியேழு."

"மூணு செகண்டுதான் மிச்சமா?"

"நடந்துக்கினு இருந்தவளுக்கு மூணு செகண்டு போறாதா? எழுந்திரு, உக்காராத."

வீட்டில் பரிமளா வாசல் நிலையில் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்த வேப்பிலைக் காம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். "எவ்ளோ ஆச்சி?"

"எட்டு இருவத்தியேழு."

"எட்டரைக்கு உள்ளதான?"

"உள்ளதான்."

பரிமளா காம்பைத் தெருவில் எறிந்தாள். "புள்ளலூரு காரங்க நம்பரு உன் போன்ல இருக்குதா? எடுத்து வெய்யி."

"இன்னும் தேர்வே நடக்கலியேம்மா."

"எடுத்து வெய்யின்னுதான சொன்னேன். பண்ணுன்னா சொன்னேன்?"